ஒரு படகுக்கு ஒரு பெயர்

ஏப்ரல் 22, சனி

இந்த டைரியை ஐஸ் கம்பெனிக்காரன் புது வருடத்துக்குக் கொடுத்தான். நான்கு மாதமாகப் பிரிக்காமல் கிடந்தது. இன்று பிரித்ததற்குக் காரணம், இந்தப் படகில் எவனிடமும் வாய்கொடுத்துப் பேச எனக்கு விருப்பமில்லை.

படகில் பூட்டுப் போட்ட பெட்டி எதுவும் கிடையாது. எவனாவது எடுத்துப் படிக்கத்தான் போகிறான். படிக்கிறவனுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ததேயு. வயது ஐம்பத்தொன்று. இடவத்துறை பிரதர்ஸ் கால்பந்து அணிக்குப் பதினோரு வருடம் பயிற்சியாளனாக இருந்தேன். ஊர் முழுக்க என்னை ஆசான் என்றுதான் கூப்பிடும். எங்கள் ஊரில் பயிற்சியாளன் கடலுக்குப் போகவேண்டியதில்லை. படகுகள் முறைவைத்து அவன் வீட்டுக்கு மீன் கொடுத்துவிடும்.

ஈஸ்டர் டோர்னமென்ட் இறுதி ஆட்டத்தில் பக்கத்துத் துறைக்காரர்களிடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம். மறுநாளிலிருந்து வீட்டுக்கு மீன் வரவில்லை. நீக்கிவிட்டோம் என்று எவனும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. "ஆசான் கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுக்கட்டு" என்றார்கள். ரெஸ்ட் எடுக்க எனக்குக் கிடைத்த இடம் இந்த அமலோற்பவி விசைப்படகு. கொச்சியிலிருந்து கிளம்பி இரண்டு நாள் ஆகிறது. என்னையும் சேர்த்துப் பத்துப் பேருக்குச் சமைக்கிறேன்.

தூண்டிலுக்கு இரையாகக் கொண்டுவந்த சாளை மீனில் ஒரு கூடையை ஐஸ் போடாமல் வெளியே வைத்துவிட்டார்கள். அந்த நாற்றமும் டீசல் நாற்றமும் சேர்ந்து சோற்றுக்குள் இறங்கிவிட்டது. மற்றவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டாவது தடவையும் வாங்கித் தின்கிறார்கள்.

ஏப்ரல் 24, திங்கள்

காலையில் கஞ்சியும் பயறும். மதியம் கேரை மீன் குழம்பு. சட்டியை உப்புத் தண்ணீரில் கழுவிக் கழுவி விரல் இடுக்கு வெந்துபோய்விட்டது.

அடுத்த ஆசான் யார் என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிட்டார்கள். சாவு வீட்டில்கூடப் பிணத்தை எடுத்த பிறகுதான் சொத்துப் பேச்சு எடுப்பார்கள்.

இரண்டு பெயர் அடிபடுகிறது. ஒன்று கிளீட்டஸ். பட்டாளத்தில் பந்து விளையாடிவிட்டு வந்தவன். பெரிய மீசை, கூலிங் கிளாஸ், பத்தடி தூரத்தில் வரும்போதே மூக்கைத் துளைக்கிற சென்ட். இன்னொன்று பெல்லார்மின் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர். கடற்கரை மணலில் அவர் கால் வைத்து நான் பார்த்ததில்லை. ஷூவுக்குள் மண் போய்விடுமாம்.

வில்பிரட் கிளீட்டஸ் கட்சி. எஞ்சின் டிரைவர் பூஸ்தீன் மாஸ்டர் கட்சி.

"கிளீட்டஸ் அண்ணன் பட்டாளத்துல களிச்ச ஆளாக்கும். அவரு வந்து நிண்ணா போதும், பயலுவ ஒழுங்கா ஓடுவானுவ," என்றான் வில்பிரட்.

"அவரு களிச்சது ஸ்டோர் ரூமுக்க உள்ளயாக்கும். ஆரு கண்டா?" என்றான் பூஸ்தீன்.

"உனக்க மாஸ்டரு பின்ன? போர்டுல அம்பு வரைவாரு. அம்பு கோல் போடுமாலே?"

இரண்டு பேரும் சொன்னது சரி. அதுதான் எனக்கு எரிச்சல்.

நான்கு வருடம் முன்பு நாங்கள் கோப்பை வாங்கியபோது என்னைத் தோளில் தூக்கி ஊரைச் சுற்றியவன் இதே வில்பிரட். இன்று நான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே, "பழைய ஆசானுக்க களி பழஞ்சோறாக்கும்" என்கிறான். எங்கள் பேச்சில் களி என்றால் ஆட்டம். வாயில் சோறு இருக்கும்போது பேசாதே என்றேன். அதை மட்டும்தான் சொன்னேன்.

எங்கள் ஊர் வழக்கத்தையும் எழுதிவிடுகிறேன். ஊர் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் எப்போதும் கடலில்தான் இருப்பார்கள். அதனால் அணி விஷயம் எதுவானாலும் படகுக்கு ஒரு ஓட்டு. பதினைந்து படகு, பதினைந்து ஓட்டு. ஆனால் ஒரு படகில் இருக்கும் அத்தனை பேரும் ஒரே பெயரைச் சொல்லியாக வேண்டும். ஒருவன் முறுக்கிக்கொண்டு நின்றாலும் அந்தப் படகுக்கு ஓட்டு இல்லை. எந்த மகான் இந்த விதியைப் போட்டானோ, அவன் பத்துப் பேரோடு ஒரு மாதம் கடலில் கிடந்திருக்கமாட்டான். மே ஆறாம் தேதி சனிக்கிழமை காலையில் எல்லாப் படகும் வயர்லெஸில் பெயரைச் சொல்லவேண்டும்.

ஏப்ரல் 25, செவ்வாய்

அரிசியில் வண்டு. புடைத்து எறிந்தேன். ஆட்களை அப்படிச் செய்ய முடியாது.

ஏப்ரல் 27, வியாழன்

வயர்லெஸ் செட்டைக் கண்டுபிடித்தவன் இதற்காகக் கண்டுபிடித்திருக்கமாட்டான். மீன் எங்கே கிடக்கிறது, காற்று எப்படி, எவனுக்காவது காய்ச்சலா என்று கேட்கத்தான் செட். காலை பத்து மணியிலிருந்து இவர்கள் கிளீட்டஸா மாஸ்டரா என்று அதில் கத்துகிறார்கள்.

ஊர்ப் படகுகளில் ஆறு எங்களுக்கு அப்பால் ஆழத்தில் கிடக்கின்றன. எட்டு எங்களுக்கும் கரைக்கும் இடையில். ஆழத்தில் இருப்பவன் பேசினால் கரைப் பக்கத்துப் படகுக்குக் கேட்காது. நடுவில் இருக்கிற நாங்கள் கேட்டுச் சொல்லவேண்டும். அதனால் இரண்டு பக்கத்துக் குப்பையும் எங்கள் காதில்தான் வந்து விழுகிறது.

கரைப் பக்கத்தில் ஆரோக்கியம் என்ற படகு இருக்கிறது. அதில் பர்னபாஸ் என்று ஒருவன். அவன் வாய்க்கு மட்டும் தனியாக ஒரு எஞ்சின் வைத்திருக்கிறான். இன்று அவன் பேசியது:

"ஒண்ணு பூச்சியத்துல ஜெயிச்சு நிக்கோம். இருவது நிமிசம் பாக்கி. அப்ப போயி ரெக்ஸன எதுக்கு வெளிய எடுத்தாரு? நம்மட ஒரே கோல போட்டவனாக்கும் அவன். இண்ணு வரைக்கும் அந்த மனுசன் காரணம் எண்ணு ஒரு வார்த்த சொன்னாரா?"

"என்ன காரணம்? பொறாமதான்," என்றான், பூஸ்தீன் வழியாக அதைக் கேட்ட ஆழத்துப் படகுக்காரன் ஒருவன். "பய பேரெடுத்தா இவருக்க பேரு போயிருமில்லியா."

பூஸ்தீன் அதைக் கரைப் பக்கத்துக்கு ஒரு எழுத்து விடாமல் எடுத்துச் சொன்னான். நான் அவன் பின்னாலேயே டீ டம்ளரோடு நிற்கிறேன். சொல்லி முடித்துவிட்டுத் திரும்பி டம்ளரை வாங்கிக்கொண்டான். "இஞ்சி கொஞ்சம் கூடிப்போச்சு ஆசானே" என்றான்.

ரெக்ஸனை ஏன் எடுத்தேன் என்று இந்த டைரியில் எழுதப்போவதில்லை. ஏற்கெனவே சொன்னேன், இந்தப் படகில் பூட்டில்லை.

ஏப்ரல் 28, வெள்ளி

வெள்ளிக்கிழமை, இறைச்சி இல்லை என்றார்கள். என்றைக்கு இருந்தது?

யார் வந்தாலும் எனக்கு ஒன்றுதான். கிளீட்டஸ் வந்தால் பிள்ளைகள் சல்யூட் அடிக்கப் படிப்பார்கள். மாஸ்டர் வந்தால் கோடு போடப் படிப்பார்கள். பந்தை எவனும் படிக்கமாட்டான். என் தலைவலி இல்லை.

பதினைந்து படகில் ஒன்பது படகின் ஸ்ராங்குகள் என்னிடம் பந்து பழகியவர்கள். படகை நடத்துகிறவனை எங்கள் பக்கம் ஸ்ராங்க் என்போம். எங்கள் ஸ்ராங்க் ஜெர்வாஸும் என்னிடம் இரண்டு வருடம் லெஃப்ட் பேக் ஆடியவன். சும்மா எண்ணிப் பார்த்தேன். குழம்பு கொதிக்கும்வரை வேறு வேலை இல்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

ஞாயிறு காலையில் எல்லாப் படகும் வயர்லெஸிலேயே ஜெபமாலை சொல்லும். ஒரு படகு முதல் பாதி சொல்ல, மற்றப் படகுகள் மீதி. நேற்று ஒருவனையொருவன் சவம் என்றும் மூதி என்றும் திட்டிய அதே வாய்கள், அதே செட். அருள் நிறைந்த மரியே.

ஜெபம் முடிந்த பிறகு விண்ணரசி படகு எங்களை ஒட்டி வந்தது. ஆழத்தில் கிடக்கும் ஆறில் ஒன்று. அவர்களுக்கு கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டதாம். எங்களிடம் இரண்டு இருந்தது.

அதில் ரெக்ஸன் இருந்தான். இருபத்துமூன்று வயது. ஆட்டம் இல்லாத நாளில் அவனும் எல்லோரையும்போலக் கடலுக்குப் போகிறவன்தான். கல்யாணம் ஆகி ஏழு மாதம். வில்பிரட் அவனைப் பார்த்ததும் கூவினான்:

"லேய் ரெக்ஸா! ஒனக்க ஆசான் இங்க சோறு வைக்கியாரு பாத்தியா! ஒன்ன வெளிய எடுத்த கையாக்கும் இப்ப கரண்டி பிடிக்கிது!"

இரண்டு படகிலும் சிரித்தார்கள். ரெக்ஸன் சிரிக்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. சிலிண்டரை வாங்க அவர்கள் படகிலிருந்து இரண்டு பேர் தாவி வந்தார்கள். அவன் தாவவில்லை. விளிம்பில் உட்கார்ந்தபடியே கை நீட்டினான். எழுந்தபோது கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். கடல் இன்று குளம்போலக் கிடக்கிறது. கயிறு பிடிக்க அவசியமே இல்லை. அதை நான் ஒருவன்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

வில்பிரட்டின் தட்டில் கடைசியாகத்தான் சோறு போட்டேன். அடிப்பிடித்த சோறு.

மே 2, செவ்வாய்

இப்படி ஒரு அசிங்கத்தை என் பதினோரு வருடத்தில் மைதானத்தில்கூடப் பார்த்ததில்லை.

தூண்டில் போட்டு நான்கு நாளாகப் பெரிதாக ஒன்றும் மாட்டவில்லை. கைக்கு வேலை இல்லாதபோது வாய்க்கு வேலை. கிளீட்டஸ் பட்டாளத்தில் உண்மையிலேயே ஆடினானா என்பதில் ஆரம்பித்து, பூஸ்தீனின் மாமனார் என்றோ வலை திருடியதுவரை போனது. வில்பிரட் சாப்பாட்டுத் தட்டை வீசினான். குழம்பு ஸ்டியரிங்கிலும் வயர்லெஸ் செட்டிலும் வழிந்தது. பூஸ்தீன் அவன்மீது பாய்ந்து தோளில் கடித்துவிட்டான். நாற்பது வயது. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். கடித்துவிட்டான்.

நான்தான் மஞ்சள் பொடி வைத்துக் கட்டினேன். பல் பட்ட இடத்தில் குழம்பும் இருந்தது. வில்பிரட் அந்த வலியிலும், "கிளீட்டஸ் அண்ணன் வரட்டு, இந்த நாய்க்க பல்ல பிடுங்குவேன்" என்றான். கிளீட்டஸ் வந்தால் இவனுக்கு என்ன? மாஸ்டர் வந்தால் அவனுக்கு என்ன? இரண்டு பேரில் எவனுக்காவது பந்து வந்தால் எந்தக் காலால் நிறுத்தவேண்டும் என்று தெரியுமா?

செட்டைத் துடைக்க ஒரு மணி நேரம் ஆனது. பொத்தான் இடுக்கில் இன்னும் மிளகாய் இருக்கிறது.

மே 4, வியாழன்

ஸ்ராங்க் ஜெர்வாஸ் எல்லோரையும் உட்காரவைத்தான்.

"அமலோற்பவிக்கு ஓட்டு இல்லாம போச்சுண்ணா ஊருல நமக்கு தல காட்டிக்கூடாது. இண்ணு முடிச்சாவணும். எனக்கு மாஸ்டரு போதும். ஆருக்காவது வேற பேரு உண்டா?"

வில்பிரட் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் பேரம் நடந்தது. அவன் பங்குக்கு இரை கோர்க்கும் வேலையை ஒரு வாரம் பூஸ்தீன் செய்வதாகச் சொன்னதும் கிளீட்டஸ் அண்ணனின் பட்டாளம் காற்றோடு போனது. "செரி, மாஸ்டருண்ணா மாஸ்டரு" என்றான். தோளில் கடி வாங்கியும் விட்டுக்கொடுக்காத கொள்கை, அழுகின சாளையைத் தொடவேண்டாம் என்றதும் விட்டுவிட்டது.

பிறகு ஒருவன் கேட்டான், சமையல்காரனுக்கு இதில் பேச்சு உண்டா என்று. கொஞ்ச நேரம் அதற்கும் விவாதம். நான் அங்கேதான் இருக்கிறேன், பயறு கழுவிக்கொண்டு.

"சோறு வைக்கியவனும் ஆளுதாம்லே," என்றான் ஜெர்வாஸ். "ஆசானே, நீங்க ஆரு பேரு சொல்லுதீங்க?"

பயறுத் தண்ணீரை இறுத்தேன். வேறு எவனாவது மூன்றாவதாக ஒரு பெயரைச் சொல்லக்கூடும் என்று கொஞ்சம் இருந்து பார்த்தேன். மாஸ்டர் என்றேன்.

மே 5, வெள்ளி

நாளை ஆழத்துப் படகுகள் ஆறின் ஓட்டையும் கேட்டு எழுதிக் கரைப் பக்கத்துக்குச் சொல்லும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். காலையில் தூண்டில் கயிறு இழுக்கவேண்டும், அத்தனை பேரும் மேல்தளத்தில் இருப்பார்கள். கை ஒழிந்தவன் நான் ஒருவன். "ஆசானுக்க கையெழுத்து நல்லதாக்கும்" என்றான் ஜெர்வாஸ். பூஸ்தீன், "ஆசானுக்கு இனி இதுல என்ன காரியம்? அவரு நேராத்தான் சொல்லுவாரு" என்றான்.

என்னைப் பற்றி இந்தப் பயணத்தில் எவனாவது சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதுவும் இப்படி.

மே 6, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்தேகால். உலையை வைத்துவிட்டு செட்டின் முன்னால் உட்கார்ந்தேன். மேலே கயிறு ஏறிக்கொண்டிருந்தது. எட்டு நாளைக்குப் பிறகு மீன். சத்தமும் கூப்பாடும். கீழே நான் மட்டும்.

பர்னபாஸ் முதலில் கரைப் பக்கத்து எட்டுப் படகின் கணக்கைச் சொன்னான். கிளீட்டஸ் நான்கு, மாஸ்டர் நான்கு. எங்கள் படகு மாஸ்டர் என்றேன். பிறகு ஆழத்துப் படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. கேட்பேன், எழுதுவேன், பர்னபாஸுக்குச் சொல்வேன். ஐந்து படகு முடிந்தது. மூன்று கிளீட்டஸ், இரண்டு மாஸ்டர். ஆளுக்கு ஏழு. விண்ணரசி ஒன்றுதான் பாக்கி.

விண்ணரசி ஸ்ராங்க் லியோனின் குரல் வந்தது.

"விண்ணரசி. பத்து பேருக்கும் ஒரே பேராக்கும். ததேயு ஆசான்."

"ஒண்ணூடி சொல்லு," என்றேன்.

"ததேயு ஆசான். எழுதியாச்சா?"

அவன் பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. ஒருவன் இல்லை, இரண்டு மூன்று பேர்.

பதினைந்து நாளாக நான் இங்கே கேட்டதையெல்லாம் இந்த டைரியில் முழுதாக எழுதவில்லை. எழுதியதைவிட எழுதாததே அதிகம். கரண்டி என்றார்கள், பழஞ்சோறு என்றார்கள், பொறாமைக்காரன் என்றார்கள். கடைசி ஓட்டு மீதி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, என் பெயரை என் வாயாலேயே ஊருக்குச் சொல்லவைத்துச் சிரிக்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். ஊரில் பங்குத்தந்தை பங்களா மாடியில் செட்டைச் சுற்றி ஐம்பது பேர் நிற்பார்கள். அதில் என் மனைவியும் நிற்பாள்.

"அமலோற்பவி, விண்ணரசி ஆருக்கு?" என்று பர்னபாஸ் கேட்டான்.

"கிளீட்டஸ்," என்றேன்.

ஏன் மாஸ்டர் என்று சொல்லவில்லை? எங்கள் படகு மாஸ்டர் பக்கம். சந்தேகம் வந்தாலும் வரும். கிளீட்டஸின் பெயரை நான் வேண்டுமென்றே சொல்வேன் என்று எவனும் நினைக்கமாட்டான். அவ்வளவு யோசித்தேனா என்று தெரியவில்லை. வாயில் வந்தது, வந்துவிட்டது. எட்டுக்கு ஏழு. கூலிங் கிளாஸ் போட்ட அந்த சென்ட் பாட்டிலை நான்தான் இடவத்துறைக்கு ஆசானாக்கினேன்.

மேலே வில்பிரட் செத்த கேரையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினான். ஓட்டையும் விற்றான், ஆளையும் ஜெயிக்கவைத்தான், இரையும் கோர்க்கவேண்டாம்.

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. நான் பேசினால் கரைப் பக்கத்துக்கும் கேட்கும், ஆழத்துக்கும் கேட்கும். நடுப் படகு என்றால் அதுதான். இங்கே பல் விளக்குகிறவனுக்குக்கூட அது தெரியும். எனக்கும் தெரியும். அந்த நிமிடம் மறந்துவிட்டேன்.

அதே நாள், மாலை நான்கு மணி

ரெக்ஸன் செட்டில் கூப்பிட்டான். எட்டாம் சானலுக்கு வாருங்கள் என்றான். அங்கே பொதுவாக யாரும் இருக்கமாட்டார்கள்.

"ஆசானே, நீங்க பர்னபாஸிட்ட சொன்னது எங்களுக்கு கேட்டு."

பொத்தான் இடுக்கில் ஒட்டியிருந்த மிளகாயை நகத்தால் சுரண்டினேன்.

"நாலு நாளா எங்க படகுல சண்ட. பாதி பேரு கிளீட்டஸு, பாதி பேரு மாஸ்டரு. நான் நேத்து வீங்கின கால்முட்ட தொறந்து காட்டினேன். எல்லாம் சொல்லியாச்சு. ஆசான் தானா எடுக்கல்ல, நான் கெஞ்சினதுனாலயாக்கும் எடுத்தாரு, வெளிய சொல்லப்பிடாது எண்ணு நான்தான் சத்தியம் வாங்கினேன் எண்ணு சொன்னேன். அதுக்கு பெறவு ஒருத்தனும் வேற பேரு சொல்லல்ல."

"பின்னால ரெண்டு மூணு பேரு சிரிச்சினும்," என்றேன்.

"சந்தோசத்துல சிரிச்சதாக்கும் ஆசானே. பத்து பேரும் ஒண்ணா நிண்ணமில்லியா."

"கிண்டல் எண்ணு நெனச்சேன்."

"கிண்டலா?" என்றான். "லியோன் அண்ணன் அடுத்த தங்கலுக்கு படகுல என்ன ஏத்தமாட்டேண்ணு சொல்லியாச்சு. ஆடுத படகுல முட்டு போன ஆளு நிண்ணா மத்தவனுக்கும் ஆபத்தாம். அது செரிதான். அறிஞ்சிட்டுத்தான் சொன்னேன். நீங்க கிண்டல் எண்ணு நெனச்சீங்களா?"

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை.

இனி எழுதலாம். அவனே சொல்லிவிட்டான். இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கூட்டிப்போய் ஸ்டாக்கிங்கை இறக்கிக் காட்டினான். முட்டி பப்பாளிபோல வீங்கியிருந்தது. முதல் பாதி முழுக்க அந்தக் காலோடு ஆடி, அந்தக் காலாலேயே கோல் போட்டிருக்கிறான். முடிந்தவரை நிற்கிறேன், முடியாதபோது கை காட்டுகிறேன், எடுத்துவிடுங்கள் என்றான். காரணம் மட்டும் சொல்லவேண்டாம் என்றான். முட்டி போனது தெரிந்தால் எந்தப் படகும் ஏற்றாது, புதுப்பெண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வேன் என்றான். இருபது நிமிடம் இருக்கும்போது கை காட்டினான். எடுத்தேன். சத்தியம் சத்தியம்தான். இத்தனை நாளும் நான் வாய் திறக்காதது என் பெருமை என்று உள்ளுக்குள் வைத்திருந்தேன்.

அவன் தன் வேலையைக் கொடுத்து எனக்கு ஒரு ஓட்டு வாங்கினான். நான் அதைத் தூக்கி கிளீட்டஸுக்குப் போட்டேன். வில்பிரட்டையும் பூஸ்தீனையும் பர்னபாஸையும் பார்த்து முகத்தைச் சுளித்துச் சுளித்து இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். திருப்பிப் படித்தேன். சீ.

மே 7, ஞாயிறு

ஜெபமாலை முடிந்து எல்லாப் படகும் செட்டில் இருக்கும்போது மைக்கை எடுத்தேன். ஜெர்வாஸ் ஏதோ சமையல் விஷயம் என்று நினைத்திருக்கவேண்டும், தடுக்கவில்லை.

"விண்ணரசிக்க ஓட்ட நேத்து நான் மாத்திச் சொன்னேன். அவங்க சொன்னது கிளீட்டஸ் இல்ல."

பர்னபாஸ் உடனே பிடித்துக்கொண்டான். "பின்ன ஆரு?"

"ததேயு."

"எந்த ததேயு?"

"அமலோற்பவியில சோறு வைக்கிய ததேயு."

முதலில் ஒரு படகில் சிரித்தார்கள். பிறகு எத்தனை படகு என்று எண்ண முடியவில்லை. கரையில் சரியாகக் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். நடுவில் எவனோ பொத்தானை அமுக்கிச் சிரித்ததில் பேச்சு அறுந்துவிட்டதாம், இன்னொரு தடவை. சொன்னேன். ஐம்பத்தொரு வயதில் என் பெயரை நானே ஏலம்போடுகிறவன் மாதிரி மூன்று தடவை கூவினேன்.

"ஒமக்கு எதுக்கு ஓய் அவங்க ஓட்டு போட்டினும்?" என்றான் பர்னபாஸ்.

ரெக்ஸன் தன் படகில் ஒன்பது பேரிடம்தான் சொல்லியிருக்கிறான். பதினைந்து படகுக்கும் சொல்ல எனக்கு அவன் அனுமதி தரவில்லை. ஒரு படகு ஏற்றாவிட்டால் இன்னொன்று ஏற்றலாம்.

"அது அவங்க காரியம்," என்றேன்.

லியோனின் குரல் வந்தது. "ஆசான் சொன்னது செரியாக்கும்." அவ்வளவுதான்.

அதற்குமேல் கேட்டதை எழுதத் தேவையில்லை. ஜெர்வாஸ் என் கையிலிருந்து மைக்கை வாங்கினான். பிடுங்கவில்லை, வாங்கினான். வில்பிரட் திருடன் என்றான். பூஸ்தீன், "நேராச் சொல்லுவீரு எண்ணு நானாக்கும் சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு எஞ்சின் அறைக்கு இறங்கிப்போனான். வில்பிரட் சொன்னதைவிட அதுதான் சுட்டது.

மதியம் எல்லோரும் என்னைப் பார்க்காமலே தட்டை நீட்டினார்கள்.

மே 9, செவ்வாய்

கரையிலிருந்து தகவல் வந்தது. ஏழுக்கு ஏழு. பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை மறுபடியும் ஓட்டு. புதிதாக ஒரு விதியும் போட்டிருக்கிறார்கள். வயர்லெஸில் ஓட்டை மாற்றிச் சொன்னவன் இனி எந்தக் காலத்திலும் ஆசானாக முடியாது, அவன் பெயரைச் சொல்லும் ஓட்டு செல்லாது. பங்குத்தந்தை கையெழுத்துப் போட்டிருக்கிறாராம்.

நல்ல விதி. பதினோரு வருடத்தில் இவர்கள் யோசித்துச் செய்த ஒரே காரியம் இதுதான்.

மே 10, புதன்

மீன் நன்றாகப் படுகிறது. கை முழுக்கச் செதில். அரிசி இரண்டு மூட்டைதான் பாக்கி.

மே 13, சனி

எங்கள் படகில் இந்தத் தடவை ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. மாஸ்டர். என்னிடம் கேட்டபோது நானும் உடனே மாஸ்டர் என்றேன். ஆழத்துப் படகுகளின் ஓட்டைக் கேட்டுச் சொல்ல பூஸ்தீனே கயிறு இழுப்பதை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். நான் அடுப்படியில் நின்று சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அங்கே நின்றாலும் செட் கேட்கும்.

மாஸ்டர் எட்டு, கிளீட்டஸ் ஆறு. சாக்பீஸ் ஜெயித்தது. வில்பிரட் எச்சில் துப்பினான், காற்று எதிரே அடித்ததால் அது அவன் சட்டையிலேயே விழுந்தது.

"பதினாலுதான வருது? விண்ணரசி எங்க?" என்று பர்னபாஸ் கேட்டான்.

பூஸ்தீன் லியோனைக் கூப்பிட்டான். லியோனின் குரல் அலுத்துப்போய் வந்தது.

"விண்ணரசிக்கு ஓட்டு இல்ல. ஒம்பது பேரும் மாஸ்டருண்ணு சொல்லியாச்சு. ஒருத்தன் மட்டும் சம்மதிக்கமாட்டேங்கியான். செல்லாத பேரா இருந்தாலும் எனக்கு அந்த பேருதான், வேற சொல்லமாட்டேண்ணு இருக்கியான்."

"எவம்லே அவன்?" என்றான் பூஸ்தீன்.

லியோன் செட்டை வைத்துவிட்டான். பூஸ்தீன் திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு ஏதாவது புரிந்ததா என்று தெரியவில்லை. நான் கஞ்சித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, அதை ஆவி என்று எழுதினால் பொய்.

அந்த மடையன் அடுத்த பயணத்துக்கு வேறு படகு தேடவேண்டியவன். லியோனைப் பகைத்துக்கொண்டால் அவனுக்காகப் பேச ஆள் இருக்காது. எட்டாம் சானலில் கூப்பிட்டு, எவன் பெயரையாவது சொல்லித் தொலைடா என்று நான்தான் சொல்லவேண்டும். என்னை இனி மைக் பக்கம் விடமாட்டார்கள். விட்டாலும் சொல்லமாட்டேன்.